அரிசோனாவிலிருந்து வந்த 1993 எக்ஸ்ஆர் 600: உருவம் மாறாமல் பிரிட்டிஷ் ரோட்டுக்கு

கேள்வி: வேல்ஸில் ஒருவரிடமிருந்து 1993 ஹோண்டா எக்ஸ்ஆர் 600ஆர் வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து இறக்கியது. அரிசோனா டைட்டில் பேப்பர் (உரிமைப் பத்திரம்) கையில் இருக்கிறது, ஆனால் இங்கே ஒருநாளும் பதிவானதில்லை. சிவப்பு பிளாஸ்டிக், நம்பர் போர்டோடு சேர்ந்த ஹெட்லைட், பின் மட்கார்டில் உள்ள டூல் பை எல்லாம் அப்படியே இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் கிரீன் லேன்களில் ஓட்ட ஆசை. இணையத்தில் பார்த்தால் இண்டிகேட்டர், பெரிய டெயில் லைட், கண்ணாடிகள் என்று ஒரு கிட் மாட்டச் சொல்கிறார்கள். அதை மாட்டினால் பைக்கின் முகமே போய்விடும் போலிருக்கிறது. உண்மையில் எதெல்லாம் கட்டாயம்? – ஹாரோ வாசகர்

பதில்:

அந்த கிட்டை வாங்காதீர்கள். அவை அமெரிக்க மாநிலச் சட்டங்களை மனதில் வைத்துச் செய்தவை. உங்கள் பைக்கிடம் பிரிட்டிஷ் சட்டம் கேட்பது அதைவிடக் குறைவு. அந்தக் காசை வெளியே தெரியாத இடத்தில், அதாவது வயரிங்கிலும் பிரேக் ஸ்விட்சிலும் போடுங்கள். கிரீன் லேன் மண் பாதையாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் ரோடுதான் என்பதால் பதிவு, இன்சூரன்ஸ், டாக்ஸ், எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) நான்கும் வேண்டும்.

ஸ்பேனரை எடுக்குமுன் காகிதத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியை டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) பதிவதற்கு முன் அது வரித்துறையின் நோவா (வாகன வருகைப் பதிவு) கணக்கில் ஏறியிருக்க வேண்டும். விற்றவர் அதைச் செய்தாரா, வரி கட்டிய ரசீது இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். இன்னும் வண்டியை இறக்காமல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 30 வயது கடந்து, உற்பத்தி நின்றுபோன மாடலாக, சேஸி, பிரேக், இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் வந்தால், சேகரிப்புப் பொருள் என்ற வகையில் சுங்கவரி இல்லாமல் 5 சதவீத வாட் மட்டும் கட்டிக் கொண்டுவர வழி உண்டு. ஒரிஜினலாக வைத்திருப்பதற்குக் காசிலும் பலன் இருக்கிறது.

அடுத்து, வயதுக்கான சான்று. பிரேம் எண் ஸ்டீயரிங் தலைப்பகுதியில் அடித்திருக்கும். அமெரிக்க எக்ஸ்ஆர் 600ஆர் என்றால் 17 எழுத்து எண், ஜேஎச்2பிஇ04 (JH2PE04) என்று தொடங்கும். பத்தாவது எழுத்து பி (P) என்றால் 1993 மாடல். டைட்டிலில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் விண்ணப்பம் திரும்பிவரும். டைட்டில் போதாது என்று டிவிஎல்ஏ சொன்னால், விண்டேஜ் ஜப்பானீஸ் மோட்டார்சைக்கிள் கிளப் போன்ற அங்கீகாரம் பெற்ற கிளப்பிடம் தயாரிப்பு ஆண்டுச் சான்றிதழ் வாங்கலாம். வயதை நிரூபிக்க முடியாத வண்டிக்குக் கியூ எழுத்தில் தொடங்கும் நம்பர்தான் கிடைக்கும். அது விற்கும்போதும் இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் காலைச் சுற்றும்.

விண்ணப்பம் வி55/5 படிவத்தில். முதல் பதிவுக் கட்டணம் 55 பவுண்டு, டாக்ஸ் தனி. உங்கள் இன்ஜின் 591 சிசி என்பதால் 401 முதல் 600 வரையிலான பிரிவில் வரும். பத்து வயதுக்கு மேற்பட்ட பைக் என்பதால் எம்எஸ்விஏ எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனை தேவையில்லை. பிரேம் எண்ணை வைத்தே இன்சூரன்ஸ் எடுக்கலாம், எம்ஓடியும் செய்யலாம். அந்த எம்ஓடிக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போங்கள். நம்பர் பிளேட் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டி வம்பை வாங்க வேண்டாம்.

இனி எம்ஓடி. 200 சிசிக்கு மேல் என்பதால் இரண்டாம் வகுப்பு, கட்டணம் அதிகபட்சம் 29.65 பவுண்டு. வெளிநாட்டில் ஓடி இங்கே வந்த வண்டிக்கு, தயாரித்த தேதியையே முதல் பயன்பாட்டுத் தேதியாக எடுத்துக்கொள்வார்கள். எந்த விதி உங்களைப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை இந்தத் தேதிதான் முடிவு செய்கிறது.

உங்களுக்கு இனிக்கும் செய்தி முதலில். 1986 ஆகஸ்ட் 1-க்குப் பிந்தைய பைக்குகளுக்கு இண்டிகேட்டர் கட்டாயம் என்பது பொது விதி. ஆனால் டயர், சஸ்பென்ஷன், தரையிலிருந்து உயரம் போன்றவற்றால் முதன்மையாக ரோட்டுக்கு வெளியே ஓட்டவென்று அமைந்த, ஓட்டுபவர் மட்டுமே உட்காரக்கூடிய பைக்குக்கு விலக்கு உண்டு. உங்கள் எக்ஸ்ஆர் அதில் வருகிறது. முந்தைய சொந்தக்காரர் யாராவது பின்னால் உட்காருபவருக்குக் கால்மிதி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அது இருந்தால் இந்த விலக்கைக் கேட்க முடியாது. அலங்காரத்துக்கு இண்டிகேட்டர் மாட்டினாலோ அது சரியாக எரிந்தே ஆக வேண்டும். கண்ணாடியும் சைட்கார் இல்லாத இரு சக்கரத்துக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் 591 சிசி வண்டியில் பின்னால் லாரி வருவது தெரியாமல் ஏ ரோட்டில் போவது புத்திசாலித்தனமல்ல. வலப்பக்கம் ஒன்று, மடக்கக்கூடியது, பிரேக் லீவரைப் பிடிக்கும் பகுதிக்கு அருகில் கிளாம்பில் மாட்டுங்கள். மண் பாதையில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

பகல் எம்ஓடி என்று ஒன்று இருப்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்னும் பின்னும் லைட்டே இல்லாத பைக்கை, அல்லது லைட் இணைப்பை நிரந்தரமாகத் துண்டித்தோ மறைத்தோ வைத்த பைக்கை, பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓட்டலாம். ஹெட்லைட், டெயில் லைட், ஸ்டாப் லைட், ரிஃப்ளெக்டர் எதையும் சோதனையில் கேட்கமாட்டார்கள். ஹார்ன் மட்டும் வேண்டும். யமஹா ஒய்இசட், ஹோண்டா சிஆர் மாதிரி நம்பர் போர்டு மட்டும் உள்ள மோட்டோகிராஸ் பைக்குக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. உங்கள் எக்ஸ்ஆருக்கோ ஹெட்லைட்தான் முகம். அதற்கு டேப் ஒட்டிவிட்டு ஒரிஜினல் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. போதாததற்கு நவம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கே இருட்டுகிறது. மூடுபனி வந்தாலும் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஆகவே லைட்டோடு போவோம். அப்படியானால் உங்களுக்குத் தேவையானவை: ஹை பீம், டிப் (தாழ்ந்த பீம்) இரண்டும் உள்ள ஹெட்லைட், டெயில் லைட், இரண்டு பிரேக்கிலும் எரியும் ஸ்டாப் லைட், சிவப்பு ரிஃப்ளெக்டர், ஹார்ன், பிளேட் மேல் விழும் வெள்ளை வெளிச்சம். 1986 ஏப்ரல் 1-க்கு முந்தைய பைக்காக இருந்தால் ஏதாவது ஒரு பிரேக்கில் ஸ்டாப் லைட் எரிந்தால் போதும். உங்களுடையதற்கு இரண்டும் வேண்டும்.

ஹெட்லைட்டில் முதலில் பல்பைக் கழற்றி அதன் இழைகளை எண்ணுங்கள். அமெரிக்காவுக்குப் போன எக்ஸ்ஆர்களில் ஆன், ஆஃப் மட்டும் உள்ள ஒற்றை இழை பல்புகள் உண்டு. இரண்டு இழை இல்லையென்றால் டிப் கிடையாது, எம்ஓடியும் கிடையாது. பிறகு இருட்டில் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி டிப்பைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு தட்டையாகவோ இடப்பக்கம் ஏறியோ இருந்தால் நல்லது. வலப்பக்கம் ஏறினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், சோதனையில் தேறாது. அப்படியிருந்தால் முன் பிளாஸ்டிக்கை மாற்ற வேண்டாம். உள்ளே உள்ள லென்ஸ் கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் மட்டும் இடப்பக்கப் போக்குவரத்து நாடுகளுக்கான ஹோண்டா பாகமாகத் தேடுங்கள். ஆஸ்திரேலியப் பழைய பாகக் கடைகளில் பார்க்கலாம். முன் போர்டைப் பிடிக்கும் ரப்பர்கள் 30 வருடத்தில் காய்ந்து வெடித்திருக்கும். அவை தளர்ந்தால் நீங்கள் சரிசெய்த பீம் சோதனை மெஷின் முன்னால் வேறெங்கோ பார்க்கும். புது ரப்பர் போட்ட பிறகு பீமைச் சரிசெய்யுங்கள். ஹெட்லைட்டில் எல்இடி பல்பு வேண்டாம். இழை பல்புக்காக வடித்த ரிஃப்ளெக்டரில் எல்இடி வெளிச்சம் ஒழுங்காகக் குவியாது.

இந்த வேலையில் நிஜமான தலைவலி ஸ்டேட்டர், அதாவது இன்ஜினுக்குள் மின்சாரம் தரும் காயில் தொகுப்பு. கிக் ஸ்டார்ட் எக்ஸ்ஆரில் பேட்டரி கிடையாது. லைட்டிங் காயில் தருவது ஏசி. அதன் ஒரு முனை இன்ஜின் உடம்பிலேயே எர்த் ஆகியிருக்கும், மறுமுனை மட்டும் வெளியே வரும். ஐடிலில் வெளிச்சம் மங்கித் துடிக்கும். டிப்புக்கு 35 வாட், டெயிலுக்கு 5, பிரேக் பிடித்தால் இன்னும் 21. காயில் எல்லாவற்றையும் ஐடிலில் தாங்காது. பிரேக்கை அமுக்கியதும் ஹெட்லைட் சாய்ந்து, ஸ்டாப் லைட் சிவக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும். சாதாரண டிசி ஹார்ன் இந்த ஏசியில் கரகரக்கும், அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பேட்டரி வைப்பதற்காக, ஏசியை டிசியாக்கி வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் நாலு வயர் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் ஒன்றை வாங்கி, எர்த் ஆன காயிலோடு அப்படியே இணைக்கிறார்கள். அந்த எர்த் ரெக்டிஃபையரின் ஒரு டயோடைக் குறுக்கே கட்டிவிடும். பாதி அலை மட்டுமே பேட்டரிக்குப் போகும், மறுபாதி சூடாக வீணாகும். சில நாளில் ரெக்டிஃபையர் கருகும். பழி பேட்டரி மீது விழும்.

சரியான முறை, காயிலின் எர்த்தை விடுவிப்பது. இடப்பக்க மூடியைத் திறந்து ஸ்டேட்டரை வெளியே எடுங்கள். மீட்டரில் லைட்டிங் காயில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். சிடிஐக்கு (இக்னிஷன் பெட்டி) போகும் எக்ஸைட்டர் காயில் நூற்றுக்கணக்கான ஓம் காட்டும், அதைத் தொடாதீர்கள். இரண்டின் முனையும் ஒரே எர்த் புள்ளியில் பற்றவைத்திருந்தால், தடிமனான லைட்டிங் கம்பியை மட்டும் மெதுவாகப் பிரித்து, எக்ஸைட்டரின் முனை அங்கேயே இருக்கிறதா என்று மறுபடி அளந்து பாருங்கள். பிரித்த முனையில் சூடும் எண்ணெயும் தாங்கும் 1.5 சதுர மி.மீ. வயரைப் பற்றவைத்து, சூடு தாங்கும் எபாக்ஸி பூசி, காயிலோடு சேர்த்துக் கட்டுங்கள். தொங்கிக்கொண்டிருந்தால் ஃப்ளைவீல் ஒரே நாளில் அறுத்துவிடும். வெளியே வரும் ரப்பர் வாயிலுக்கு சிலிக்கான், மூடிக்குப் புது கேஸ்கெட். மூடுமுன் ஒரு கடைசிச் சோதனை: லைட்டிங் வயர் இரண்டுக்கும் இன்ஜினுக்கும் இடையே மீட்டர் எதையும் காட்டக்கூடாது.

இப்போது இரண்டு வயரும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையருக்குப் போகட்டும். பழைய ஏசி ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். ரெக்டிஃபையர் சூடாகும் பாகம் என்பதால் டேங்க் அடியில், ஸ்டீயரிங் தலைக்குப் பின்னால், காற்று படும்படி பிரேம் உலோகத்தோடு ஒட்டி மாட்டுங்கள். பேட்டரிக்கு 12 வோல்ட், 2.3 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் போதும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கசியாது. அது போக வேண்டிய இடத்தை ஹோண்டாவே தந்திருக்கிறது: மட்கார்டின் மேலிருக்கும் டூல் பை. உள்ளே ரப்பர் நுரை சுற்றி வையுங்கள், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ். டூல்களை உங்கள் முதுகுப் பையில் சுமக்க வேண்டிவரும். பேட்டரியே வேண்டாம் என்பவர்கள் 22,000 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கப்பாசிட்டர் வைக்கிறார்கள். வண்டி ஓடும்வரை அது சரி, ஆனால் ஐடிலில் ஹார்ன் இருமும். எம்ஓடியில் அடிப்பது ஐடிலில்தான்.

பேட்டரி வந்ததும் சாவியோ மறைவான ஸ்விட்சோ ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திய இடத்தில் டெயில் லைட் பேட்டரியைக் குடித்துவிடும். ஹெட்லைட் போர்டின் பின்பக்கம் ஓர் சிறிய சாவி ஸ்விட்ச் வைத்தால் முன்னாலிருந்து தெரியாது. இதில் ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும்: இந்தப் புது 12 வோல்ட் லைனைக் கில் ஸ்விட்ச் வயரோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். ஹோண்டாவில் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர் அது. அதை எர்த் செய்தால் இன்ஜின் நிற்கும். அதில் பேட்டரி கரண்ட் ஏறினால் சிடிஐ சாகும். இக்னிஷன் தன் வழியில், லைட் தன் வழியில் இருக்கட்டும். அப்போது பேட்டரி செத்தாலும் கிக் அடித்தால் வண்டி கிளம்பும். எல்லாம் மாட்டி முடித்ததும் 4,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 14 முதல் 14.5 வோல்ட் வருகிறதா பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

பிரேக் ஸ்விட்சுக்கு லீவர் பக்கத்தில் எதையும் ஒட்டத் தேவையில்லை. பிரேக் ஹோஸின் முனையைப் பிணைக்கும் பான்ஜோ போல்ட்டுக்குப் பதிலாக அழுத்த ஸ்விட்ச் உள்ள போல்ட் கிடைக்கிறது. முன்னும் பின்னும் டிஸ்க் என்பதால் இரண்டு வாங்குங்கள், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போடுங்கள். ஹோண்டாவுக்கு எம்10×1.25 மரை. இத்தாலிய பிரேக்குகளுக்கான எம்10×1.0 போல்ட்டும் பார்க்க அப்படியே இருக்கும், இரண்டு சுற்று ஏறிவிட்டு அலுமினிய மரையைத் தின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புது செம்பு வாஷர், பிறகு டாட் 4 ஊற்றிக் காற்றெடுக்க வேண்டும். முன்புறம் ஸ்விட்ச் உயரத்தில் இருப்பதால் காற்றுக் குமிழி அங்கேயே தங்கும். லீவரை அமுக்கி இரவெல்லாம் கட்டி வைத்தால் மேலே ஏறி வந்துவிடும்.

டெயில் லைட்டில் ஒரிஜினல் லென்ஸையே வையுங்கள். உள்ளே ஒற்றை இழை ஹோல்டர் இருந்தால், டெயிலும் ஸ்டாப்பும் சேர்ந்த இரட்டை இழை ஹோல்டரை அதே குழிக்குள் பொருத்துங்கள். மின்சாரம் மிச்சமாக வேண்டுமென்றால் இங்கே எல்இடி பல்பு போடலாம், ஆனால் நிறம் பார்த்து வாங்குங்கள். சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்இடிதான் நன்றாக எரியும் என்பது உண்மை. ஆனால் லென்ஸின் அடியில் பிளேட்டுக்காக ஒரு நிறமில்லாத ஜன்னல் இருந்தால், அதன் வழியாகச் சிவப்பு வெளிச்சம் விழுந்து பிளேட் சிவப்பாகிவிடும். அங்கே வெள்ளை எல்இடிதான் வேண்டும். ஜன்னலே இல்லையென்றால் போல்ட் தலை அளவு வெள்ளை லைட் ஒன்றைப் பிளேட் மேல் விளிம்பில் வையுங்கள்.

ஸ்பீடோமீட்டரை எம்ஓடியில் பார்ப்பதில்லை, ஆனால் சட்டப்படி வேண்டும், மைலும் கிலோமீட்டரும் காட்ட வேண்டும். ஒரிஜினல் மீட்டரில் வேக முள் இல்லையென்றால் அதைக் கழற்றாமல், காந்த சென்சாரில் ஓடும் சிறிய டிஜிட்டல் மீட்டரை ஹேண்டில்பார் கிளாம்பில் வையுங்கள்.

சைலன்சரில் 1985-க்குப் பிந்தைய பைக்குகளுக்குப் பிடி இறுக்கம். ஒரிஜினலாகவோ பிஎஸ் ஏயு 193 (பிரிட்டிஷ் தர முத்திரை) அல்லது ஈ முத்திரை (ஐரோப்பிய ஒப்புதல் குறி) உள்ளதாகவோ இருக்க வேண்டும். ரோட்டுக்கு அல்ல, ரேஸுக்கு மட்டும் என்று அடித்திருந்தால் பேச்சே இல்லை. ஒரிஜினல் இருந்தால் துருவைச் சுரண்டிச் சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட் அடியுங்கள். டயருக்கும் அதே கதை: பக்கச் சுவரில் ஹைவேக்கு அல்ல என்ற எழுத்து இருந்தால் தேறாது. 21, 18 இன்ச் சக்கரங்களுக்கு ஈ முத்திரையுள்ள கட்டை டயர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பிரெஷர் வாஷரில் கழுவிக் கழுவி பின் சஸ்பென்ஷனின் புரோ-லிங்க் நீடில் பேரிங்குகள் காய்ந்து ஆட்டம் கொடுத்திருக்கும். பழைய எக்ஸ்ஆர்கள் எம்ஓடியில் விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

எம்ஓடி முடிந்து விண்ணப்பம் போனால், பதிவுச் சான்றிதழ் வர ஆறு வாரம் வரை ஆகலாம். 1993 வண்டிக்கு கே அல்லது எல் எழுத்தில் தொடங்கும் நம்பர் வரும். வந்ததும் பிரேம் எண், சிசி, தயாரிப்பு ஆண்டு மூன்றையும் சரிபாருங்கள். தவறிருந்தால் அப்போதே திருப்பி அனுப்பினால் எளிது. பிளேட் கடையில் இந்தச் சான்றிதழையும் அடையாள ஆவணத்தையும் கேட்பார்கள்.

கறுப்பில் வெள்ளி எழுத்துப் பிளேட் அழகுதான், ஆனால் 1980-க்கு முன் தயாரித்தவற்றுக்கே அது. உங்களுக்கு மஞ்சள், பின்னால் மட்டும், இரண்டு வரி. எழுத்து உயரம் 64 மி.மீ., அகலம் 44, இடைவெளி 10, ஓரம் 11. மேல் வரியில் நான்கு எழுத்து வந்தால் கூட்டிப் பாருங்கள், 228 மி.மீ. அகலம் வேண்டும். அதற்குக் குறைந்த குட்டிப் பிளேட்டை விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள். பிளேட்டை மட்கார்டு பிளாஸ்டிக்கில் மட்டும் திருகினால் குலுக்கலில் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். 2 மி.மீ. அலுமினியத் தகட்டைப் பிரேமின் பின்முனை போல்ட்டோடு கட்டி, அதன்மேல் பிளேட்டை வையுங்கள். பின் சஸ்பென்ஷன் ஏறத்தாழ 28 செ.மீ. இறங்கும். ஷாக் ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை முழுதாக மேலே தூக்கி, டயர் பிளேட்டின் கீழ் விளிம்பில் உரசுகிறதா என்று பார்த்த பிறகு ஓட்டை போடுங்கள்.